ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்

என் மூத்த மகன் போரால் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டு நிரம்பி வழிந்ததால், ஒரு கட்டிலில் இரண்டு தாய்மாரைப் படுக்க விட்டிருந்தார்கள். என்னோடு படுத்திருந்தவர் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மணி அக்கா. அவருக்கு அது மூன்றாவது பிள்ளை. கடற்கரை ஊர்க்காரி, எங்கள் சாதியில்லை என்று தெரிந்ததும் என் அம்மா அவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

எனக்குப் பால் சுரக்கவில்லை. மகன் வீரிட்டு அழுதான். நேர்ஸ் வந்து, "கொஞ்சம் பொறுங்கோ, வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பால்மா வாங்கப் போன அப்பா கடை கடையாக அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். அழுது அழுது பிள்ளையின் குரல் அடங்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இஞ்சை தா தங்கச்சி. எனக்குப் பால் கட்டிப்போய்க் கிடக்கு," என்றார் மணி அக்கா.

அம்மா என் கையைப் பிடித்தார். "பொறு பிள்ளை. யோசிச்சுச் செய்."

"அவனுக்குப் பசிக்குதம்மா," என்று சொல்லி, மகனைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அவன் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. குடித்த களைப்பில் அந்த மடியிலேயே தூங்கியும் போனான். அம்மா சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை இரண்டு பாத்திரங்களில் பத்தியச் சோறு கொண்டுவந்தார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, மற்றதை மணி அக்காவிடம் நீட்டினார்.

"சூட்டோடை சாப்பிடு பிள்ளை."

அன்று பின்னேரம் எனக்கும் பால் சுரந்தது. ஆனாலும் என் மகன் குடித்த முதல் பால் மணி அக்காவுடையது. அதைச் சொல்லித்தான் அவனை வளர்த்தேன்.