நாலுக்கு ஒன்று

கிளோறியா மடக்குக் கதிரையை வலைக்குப் பின்னால் போட்டு, ஆட்டக் கணக்கு எழுதும் கொப்பியை மடியில் விரித்து, "இனி எறியச் சொல்லுங்கோ" என்கிறாள். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் பேஸ்போல் கழகத்தின் ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நடுவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காத்திருப்பார்.

வேலை முதியோர் இல்லத்தில். யாருக்கு எந்த மாத்திரை, யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதி எழுதிப் பழகிய கை. பூசையிலும் மணிக்கூட்டைப் பார்ப்பாள். "ஃபாதற்றை பிரசங்கம் இண்டைக்கு நாலு நிமிசம் கூட. சராசரி பதினொண்டு." யாரையாவது நல்ல ஆட்டக்காரர் என்று புகழ்ந்தால் அவளுக்குப் பொறுக்காது. "ஆரோடை ஒப்பிட்டு நல்லம்? முதல் அதைச் சொல்லுங்கோ."

ஒப்பிட அவளிடம் ஓர் எண் உண்டு. போன கோடையில் லீக் சராசரி, நாலு தடவை மட்டை பிடித்தால் ஒரு ஹிற், அதாவது தன் அடியாலேயே முதலாம் பேஸுக்கு ஓடிச் சேர்வது. அதற்குக் குறைந்தவர்களைக் கோப்பன்ஹேகன் இறுதியாட்டத்துக்குக் கூட்டிப்போவதில்லை என்று பயிற்சியாளர் ஜோனாஸ் அறிவித்திருந்தார். அந்தக் கோட்டில் நின்று தள்ளாடியவர் ஒருவர்தான்: ஸ்ரான்லி, களஞ்சியத் தொழிலாளி, வயது நாற்பத்து நாலு, கிளோறியாவின் கணவர். இறுதியாட்ட நாளுக்கு லீவும் போட்டிருந்தார். கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் அண்ணையைக் குடும்பத்தோடு வரச் சொல்லியும் விட்டார்.

கடைசி லீக் ஆட்டத்தில் கடைசி முறையாக மட்டை பிடித்தபோது அவர் கணக்கு முப்பத்தைந்து தடவைக்கு எட்டு ஹிற். ஒரு ஹிற் அடித்தால் முப்பத்தாறுக்கு ஒன்பது. சரியாக நாலுக்கு ஒன்று.

அடித்தார். பந்து மெதுவாக உருண்டு எதிரணிக்காரனின் கையுறைக்குள் போய், வெளியே விழுந்தது. ஸ்ரான்லி முதலாம் பேஸில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் அது ஹிற் அல்ல, பிழை. எது என்று தீர்மானிப்பது கொப்பி எழுதுகிறவர்.

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. ஜோனாஸ் அவளருகே வந்து குனிந்து, சந்தேகம் இருந்தால் அடித்தவர் பக்கம் எழுதுவதில் தவறில்லை என்று டேனிஷில் சொன்னார்.

"சந்தேகம் இல்லை" என்று கிளோறியாவும் டேனிஷில் சொல்லிவிட்டு, பிழை என்று எழுதினாள். எழுதிய பிறகு தேத்தண்ணியை ஊற்றினாள். பாதி கோப்பைக்கு வெளியே போனது.

காரில் ஏறியதும் ஸ்ரான்லி கேட்டார்.

"நீர் என்னத்தை எழுதினீர்?"

"பிழை எண்டு."

"நல்ல அடி எண்டபடியால்தானே அவன் விட்டவன்?"

"உருண்டு வந்த பந்தப்பா. நான் எண்டாலும் பிடிச்சிருப்பன்."

"அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?"

"முப்பத்தாறுக்கு எட்டு எண்டு சொல்லுங்கோ."

நாலாம் நாள் அவள் சோறு போடும்போது, "அந்தப் பெடியன்ரை கையுறை பழசு" என்றார். அவள் ஓம் என்றாள்.

கோப்பன்ஹேகனில் மழை தூறியது. அண்ணை குடும்பம் வந்து, ஆட்டக்காரர் வாங்கில் ஸ்ரான்லியைத் தேடியது. அவர் வலைக்குப் பின்னால், கிளோறியாவின் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு குடை. அதை அவர் தன் தலைக்கு மேலும் பிடிக்கவில்லை, அவள் தலைக்கு மேலும் பிடிக்கவில்லை. கொப்பிக்கு மேலே சரித்துப் பிடித்திருந்தார்.