சுவருக்கு அந்தப் பக்கம் எல்சா

காந்தல் ஊரில் தபித்தாள் டீச்சர் வருகிறாள் என்றால் பிள்ளைகள் பாதிக் கொட்டாவியோடு வாயை மூடிக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்து எடுத்து, கேள்வி கேட்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. வீட்டுக்காரர் சில்வஸ்டருக்கு வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் வேலை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளத் தெரிந்த மனிதர். ஒரே மகள் எல்சா அயர்லாந்தில் நர்ஸ். இவ்வளவும் இருக்கிறவளுக்கு இன்னொருத்தியைப் பார்த்து வயிறு எரிய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருந்தது. அவள் பெயர் ஜெஸிந்தா.

ஜெஸிந்தா ஓரகத்தி, அதாவது சில்வஸ்டரின் தம்பி பெனிஸின் மனைவி. குடியிருப்பது பக்கத்து வீடு என்றாலும் மாமனார் கட்டிய ஒரே வீடுதான் அது. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். கொத்தனார் என்ன அவசரத்தில் இருந்தாரோ, சுவர் தகரக் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அடைக்கவில்லை. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். மழை கூரையில் கொட்டாத நாளில் பேச்சும் தாண்டி வரும்.

ஒருநாள் சாயங்காலம் அந்த இடுக்கு வழியாக எல்சாவின் சிரிப்பு வந்தது.

பெனிஸ் தன் மனைவிக்கு அடுப்படியில் வைக்க ஒரு சின்னத் திரை வாங்கிக் கொடுத்திருந்தார். எல்சா அயர்லாந்திலிருந்து கூப்பிட்டால் அதில் முகம் தெரியும். கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், ஜெஸிந்தா பாட்டுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள், எல்சா பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். அது மட்டுமா? ஜெஸிந்தா போர்வைக்குள் இருந்தபடியே போனில் கீசரைப் போடுகிறாளாம். ராத்திரி கேட்டுக்கு வந்த காட்டெருமையைக் கேமராவில் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினாள். அதையெல்லாம்கூடத் தபித்தாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் எல்சா அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று?

தபித்தாள் வீட்டு இணைப்பு பழையது. காற்றடித்தால் ஒரு கிளை முறிந்து வயரில் விழும். விழாத நாளிலும் எல்சாவின் வாய் ஒரு பக்கம் அசையும், வார்த்தை இன்னொரு பக்கம் வரும். “நெட் சரியில்லம்மா, அப்பறம் கூப்புடறேன்” என்று வைத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கும். பெற்றவள் இங்கே போனைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிள்ளை பெறாதவள் அங்கே மகள் கொண்டாடுகிறாள் என்று தபித்தாளுக்கு மனசு புழுங்கியது. அப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்தே நினைத்தாள்.

நெட்டைப் போட்டுத்தான் ஜெஸிந்தா பிள்ளையை இழுத்துவிட்டாள், நெட்டைப் போட்டே மீட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சில்வஸ்டர் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“உங்க தம்பி ஊட்ல இருக்குது, நம்மூட்ல இல்லீங்க. வேற என்ன காரணம் வேணும்?”

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கேபிள்காரன் பிரைட்டன் வந்தான். என்னென்ன பொருள் இணைக்கப்போகிறீர்கள், அதை வைத்துத்தான் வேகம் பார்க்க வேண்டும் என்றான். ஜெஸிந்தா வீட்டில் இருக்கிற எல்லாம், அதற்கு மேல் ஒன்று என்றாள் தபித்தாள். இருந்த பழைய நெட் பெட்டி அத்தனையையும் தாங்காது என்று புது வயர் இழுத்து, புதுப் பெட்டி மாட்டினான். கல்சுவரைத் தாண்டி அலை போகாது என்பதால் அடுப்படிக்கு இன்னொரு குட்டிப் பெட்டி. கீசர், கேட் கேமரா, கூடத்து விளக்கு, கடைசியில் திரை. அந்த வீட்டு வேகத்தைவிட இது கூடுதலா என்று இரண்டு தடவை கேட்டாள். கூடுதல்தான் என்று அவன் சொன்ன பிறகுதான் டீயும் வர்க்கியும் வந்தன.

மறுநாள் சாயங்காலம் சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். எல்சா வந்தாள். கட்டம் கட்டமாக உடையாமல், முழுசாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வந்தாள். நெற்றியில் ஒரு பருகூடத் தெரிந்தது. தபித்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஆரம்பித்தாள். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், ஏன் கண்ணுக்குக் கீழே கறுப்பு, டூட்டி எப்படிப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாயா, போகவில்லை என்றால் ஏன் போகவில்லை. எல்சா ‘ம்’ என்றாள், ‘இல்லம்மா’ என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“அம்மா, உங்க பக்கம் நெட் சரியில்ல. அப்பறம் கூப்புடறேன்.”

படம் ஒரு துளி அசையவில்லை. மகள் பொய் சொல்வது அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

தபித்தாள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், எதிர்பார்த்தபடியே, சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அடுப்பை அணைத்தாள். குழாயை இறுக்கினாள். ஒட்டுக்கேட்பது கேவலம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டேன் சித்தி. அந்த வார்டுல என்னால முடியல. இப்ப ஒரு முதியோர் இல்லத்துல இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க. சொன்னா புதன்கிழமை ஜெபக் குறிப்பாயிரும்.”

ஜெஸிந்தா ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “அழுவாத சாமி, நான் இங்கதான இருக்கறேன்” என்றாள்.

தபித்தாளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஜெபக் குறிப்பு என்பது சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் வழக்கம். புதன்கிழமை முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவார்கள்; ஒவ்வொருத்தியும் வீட்டுக் குறையைச் சொல்ல, மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். எல்சா வெளிநாடு போக எழுதிய இங்கிலீஷ் பரீட்சையில் தவறிய வாரம் தபித்தாள் அதைத்தான் சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு கேரட் கடைக்காரர் முதல் கோயில் வாட்ச்மேன் வரை, பாஸ் ஆகிவிட்டாயா பாப்பா என்று கேட்டார்கள். எல்சா ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதைக் கோபம் என்றே தபித்தாள் இதுவரை நினைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை கூட்டம் தபித்தாள் வீட்டில். மழையால் தாமதமாகத்தான் தொடங்கியது. வந்தவர்கள் போனைத் தொட்டதும் எரியும் விளக்கைப் பார்த்து வியந்தார்கள். இதற்காகத்தானே இத்தனையும் மாட்டியது. ஆனால் ஒரு சந்தோஷமும் வரவில்லை. பாட்டு முடிந்தது. சர்ச் ஆயரின் மனைவி ஆயரம்மா, கூட்டம் நடக்கிற வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஜெபக் குறிப்பு சொல்லுங்க டீச்சர் என்றார்.

எதிரில் ஜெஸிந்தா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் தபித்தாளுக்கு ஒரு யோசனை வந்தது, கெட்ட யோசனை. எல்சா வேலையை விட்டதை இப்போது சொன்னால் போதும். சித்திதான் சொல்லிவிட்டாள் என்று எல்சா நினைப்பாள். ஒட்டுக்கேட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பக்கத்து மணி இனி அடிக்காது. ஜெஸிந்தாவின் திரையில் வெறும் கடிகாரம் மட்டும் ஓடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மகளுக்கு ஏதாவது உண்டா என்று ஆயரம்மா எடுத்தும் கொடுத்தார்.

“எல்சா நல்லா இருக்கறாளுங்க. குறிப்பு ஒண்ணுமில்ல.”

ஜெஸிந்தா தலையைத் தூக்கினாள். தபித்தாள் அவளைப் பார்க்காமல் அடுத்திருந்த விஜயா பக்கம் கையைக் காட்டினாள். விஜயா தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கினாள். வெளியே மழை விட்டிருந்தது.

அப்போது மணி அடித்தது. தபித்தாளின் கண் தன்னை அறியாமல் அடுப்படிக்கு ஓடியது. அங்கே புதுத் திரை கறுப்பாக நின்றது. மணி சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெஸிந்தா அசையவில்லை. காதில் விழாததுபோல மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், போகவில்லை. முன்னைவிட நன்றாகவே எரிந்தது.

“போய் எடு ஜெஸிந்தா” என்றாள் தபித்தாள். “புள்ள காத்துட்டிருக்கும்.”