நான் வெட்டிய கடைசிப் பந்தி

என் மகள் படித்த முன்பள்ளி கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளிலிருந்து யூ.கே.ஜி. வரை நாற்பது பேர் இருப்பார்கள். ஒக்டோபர் கடைசியில் அங்கே ஹலோவீன் வைப்பார்கள், பேய்வேஷம் போடும் மேல்நாட்டுப் பண்டிகை. கண்டியில் அது யாருடைய பண்டிகையும் அல்ல. வேறொரு முன்பள்ளி முகநூலில் படம் போட்டது, பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள், இவர்களும் வைத்தார்கள். அவ்வளவுதான்.

முதல் வருடம் மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, வெள்ளைப் படுக்கைவிரிப்புக்குள்ளிருந்து ஓர் ஆசிரியை பாய்ந்து வந்தார். இரண்டு பிள்ளைகள் அழுது அழுது வாந்தியெடுத்தார்கள். ஒரு குடும்பம் பிள்ளையை வேறிடத்தில் சேர்த்தது. அந்த ஆசிரியையும் அதன்பிறகு வேலைக்கு வரவில்லை.

அவருடைய இடத்துக்கு அடுத்த வருடம் ஓகஸ்டில்தான் ஆள் கிடைத்தது; வந்த டீச்சருக்கு இருபத்துநான்கு வயது. ஊர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தினமும் போய்வர முடியாததால் பள்ளிக்கு அருகே ஓர் அறையில் தங்கியிருந்தார். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்திருந்தார்கள். அந்த மூன்று மாதம் ஒக்டோபரோடு முடிந்தது.

திட்டமிட நான்கு பேர் கூடினோம்: பள்ளியின் உரிமையாளர், டீச்சர், அலவத்துகொடையிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் ஒரு முஸ்லிம் தாய், நான். எல்லோரும் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் உயர உட்கார்ந்திருந்தோம். உரிமையாளர் யாழ்ப்பாணத்து அம்மா. சுற்றிவளைத்துப் பேசமாட்டார்.

"இந்த முறை ஒரு பிள்ளையும் அழக்கூடாது. அழுதா, டீச்சர், உம்மை வச்சிருக்க என்னால ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

"சரிங்க மிஸ்" என்றார் டீச்சர். கொப்பியைத் திறந்து தன் திட்டத்தை வாசித்தார். விளக்கை அணைப்பதில்லை. பூசணிக்காயைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே குடைவது. கடதாசித் தட்டில் அவர்களே முகமூடி செய்வது. அப்பாமார் சிலர் மிருக வேஷத்தில் வந்து விளையாட்டுக் காட்டுவது.

"பேய் எண்டு மட்டும் போட வேணாம் டீச்சர்" என்றார் அலவத்துகொடைத் தாய். "எங்கட ஊட்டுல ஒத்துக்கொள்ள மாட்டாங்க. வேஷ நாள் எண்டு போட்டா நானும் அனுப்புவன், புள்ளட வாப்பாவையும் அனுப்புவன்."

"அவர் என்ன வேஷம் போடுவாருங்க?"

"கரடி. அவருக்கு வேஷம் பாதிதான் தேவ."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பியில் கரடி என்று எழுதினார்.

பெற்றோருக்கான அறிவித்தலைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. பதினெட்டு வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தவன் என்பதால் யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. டீச்சர் ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்திருந்தார். தொலைபேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்கவேண்டும் என்பது என் கணக்கு. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானதை நிருபர் மேலே எழுதியிருப்பார், கடைசிப் பந்தி போனால் யாருக்கும் தெரியாது. கை அப்படியே பழகியிருந்தது. டீச்சர் நிருபர் அல்ல. விடைபெறும்போது வாசலில் நின்று முக்கியமானதைச் சொல்லுகிறவர்களைப் போல எழுதியிருந்தார். அவருடைய கடைசிப் பந்தி இது: "வேஷம் போடும் அப்பாமார் சாதாரண உடுப்பில் வரவும். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க இங்கே வைத்து வேஷம் போடுவோம்."

அதை வெட்டினேன். மேலே இருந்த "அப்பாமார் வேஷத்துடன் பத்து மணிக்கு வரவும்" என்ற வரி என்னுடையது.

மறுநாள் வாசலில் டீச்சர் கேட்டார். "சேர், கடைசியில ஒன்னு எழுதியிருந்தேனே."

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே" என்றேன்.

அவர் கையிலிருந்த கொப்பியை மூடினார். பிறகு, "சரிங்க சேர்" என்று உள்ளே போனார். உரிமையாளரின் எச்சரிக்கைக்கும் அவர் இதே 'சரிங்க'வைத்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேஷ நாளன்று காலை எல்லாம் நன்றாகவே போனது. முதல்நாள் பூசணிக்குள் கைவிட்டு விதை எடுத்த பிள்ளைகள், அதில் செதுக்கிய முகத்தின் பல்லுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். தட்டு முகமூடிகளில் சாயம் இன்னும் காயவில்லை. பத்து மணிக்குச் சரியாக வாசலில் ஓட்டோ நின்றது. அதிலிருந்து கரடி இறங்கியது. வாடகைக்கு எடுத்த முழு உடுப்பு, பெரிய தலை, பின்பக்கம் இழுத்துப் பூட்டும் சிப். அறிவித்தலில் சொன்னபடி, வேஷத்துடன், நேரத்துக்கு வந்திருந்தார் மனிதர்.

பெரிய பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். நான்கு வயதான அவருடைய மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைத் தேற்றுவதற்காக அவர் குனிந்து, "மகள், நான் வாப்பா" என்றார். குரல் கரடியின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கரடி வாப்பாவத் தின்டுட்டு" என்று அலறினாள் பிள்ளை.

அந்த அழுகை இன்னும் ஐந்தாறு பேருக்குத் தொற்றியது. உரிமையாளர் படம்பிடித்துக்கொண்டிருந்த தொலைபேசியைத் தாழ்த்தினார். டீச்சர் அவரைப் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி டீச்சர் ஈரச் சாயம் சிந்தியிருந்த நிலத்தில் சேலையோடு உட்கார்ந்துவிட்டார். பயப்படாதே என்று சொல்லவில்லை. அது வாப்பாதான் என்றும் சொல்லவில்லை.

"வாப்பா உள்ளுக்குள்ள இருக்காரா?" என்று கேட்டார்.

பிள்ளை விக்கிக்கொண்டே தலையாட்டினாள்.

"அப்ப வெளிய எடுப்போம். நீயும் வா, எனக்குத் தனிய முடியாது. கரடி, திரும்பி உக்காருங்க."

கரடி திரும்பி உட்கார்ந்தது. டீச்சரின் கைக்குள் பிள்ளையின் கை இருந்தது. இரண்டு கையுமாகச் சிப்பை இழுத்தன. முதலில் வியர்த்த கழுத்து, பிறகு நனைந்த தலைமயிர், கடைசியில் தாடியோடு வாப்பாவின் முகம். பிள்ளை அவர் காதைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தரம் உள்ளுக்குப் போங்க" என்றாள்.

அதன்பிறகு திட்டமிட்ட விளையாட்டு எதுவும் நடக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாப்பாவை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. வரிசையில் நின்றார்கள். என் மகள் இரண்டு முறை நின்றாள். அந்த மனிதர் பன்னிரண்டு மணிவரை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். இடையில் ஒருமுறை தண்ணீர் கேட்டார்.

பிள்ளைகள் போனபின் உரிமையாளர் எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கரடியின் மனைவியும் வந்திருந்தார்.

"எத்தினை பேர் அழுதவை?" என்று உரிமையாளர் டீச்சரிடம் கேட்டார்.

"ஆறு பேருங்க மிஸ்."

வெட்டிய பந்தியைப் பற்றி நான் சொன்னேன். டீச்சர் எழுதியிருந்ததையும், நினைவூட்டியதையும், நான் கொடுத்த பதிலையும் சொன்னேன். உரிமையாளர் குறுக்கிடாமல் கேட்டார்.

"பிழை உங்கடதா இருக்கலாம், தம்பி. நான் வேலைக்கு வச்சிருக்கிறது உங்களை இல்லை." பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "உங்கட பிள்ளைதான் முதல்ல அழுதது. முறைப்பாடு இருக்கோ?"

அந்தத் தாய் மடியில் கிடந்த கரடித் தலையை மேசைமேல் வைத்தார். "புள்ள அழுதது உண்ம. போன வருஷம் எண்ட மூத்தவன் இங்கதான் அழுதான். ஒத்தரும் கிட்ட வரல்ல, நான் வந்து தூக்கிட்டுப் போன. இந்த டீச்சர் நெலத்துல உக்காந்தா. எனக்கு வேற ஒண்டும் சொல்ல இல்ல."

உரிமையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலை நிரந்தரமெண்டு திங்கட்கிழமை கடிதம் தாறன். இப்ப போய்ச் சேலையைக் கழுவும், சாயம் காய்ஞ்சா போகாது."

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். பின்பக்கக் குழாயடியில் சேலைத் தலைப்பை ஒரு கையால் கசக்கிக்கொண்டே மறுகையால் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். அறையின் சொந்தக்காரியிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, ரூம வேற யாருக்கும் சொல்லிறாதீங்க. நான் இருக்கேன்" என்றார். பிறகு, மறுமுனையில் ஏதோ கேட்டிருக்கவேண்டும், "இல்லக்கா, அழலயே" என்றார்.