மாமாவும் சிவப்புக் குட்டியும்

என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, பாராசூட்டில் குதிக்கும் மைதானத்தில் பாராசூட் வாடகைக்குக் கொடுக்கும் அறைக்குப் பொறுப்பாளர். அவற்றை மடித்து வைப்பது என் வேலை. அவருடைய பிரசங்கத்தைத் தினமும் கேட்பது இலவச இணைப்பு.

“வெறும் உடம்பு எடையைச் சொல்லாதீங்க. ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப் பை எல்லாத்தோடயும் தராசுல ஏறுங்க. அந்த எடையைப் பாராசூட்டோட பரப்பால வகுத்தா, ஒரு சதுர அடி எவ்வளவு சுமக்குதுன்னு தெரியும். அது கூடக் கூட, அவ்வளவு வேகமா வந்து தரையில மோதுவீங்க.”

சின்னப் பாராசூட்தான் கெத்து என்று வருகிறவர்களை மடக்கிப் பெரியதைத் தலையில் கட்டிவிடுவார். பெரியதற்கு அவர் வைத்த பெயர் கூடாரம்.

அவர் குதிப்பதோ, கல்யாணமான புதிதில் வாங்கிய சின்னப் பாராசூட்டான சிவப்புக் குட்டியில். அப்போது மாமா ஒட்டடைக்குச்சி. கூட்டமாகக் குதிக்கும்போது மற்றவர்களின் வேகத்துக்கு விழ எடை பத்தாமல், இடுப்பில் ஈயப் பட்டை கட்டிக்கொள்வார். சில வருடங்களில் பட்டை தேவைப்படவில்லை. “எனக்கு வித்தை கைவந்துடுச்சு மச்சான்,” என்றார். வந்தது தொப்பை. அதை அவரிடம் யார் சொல்வது?

அக்கா சொல்லிப் பார்த்தாள். குதிக்கும் உடுப்பின் தையலைப் பிரித்துப் பிரித்து விடுகிறவள் அவள்தானே. “இது சதை இல்லம்மா, அனுபவம்,” என்று சிரித்துவிட்டார். அதன்பின் அவர் தரையிறங்கும் நேரத்தில் அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். போன மாதம் வந்திறங்கிய வேகத்தில் வேலிவரை உருண்டு போனார். எழுந்து நின்று காற்றைத் திட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுவாரம் அக்கா உடுப்பும் கையுமாக நேரே அறைக்கு வந்தாள். எடையைக் குறைத்துச் சொன்ன ஒரு பள்ளி ஆசிரியரை மாமா காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இதுல பிரிச்சு விட இனிமே துணி இல்லீங்க,” என்றாள். “துணின்னா ஒட்டுப் போட்டுடுவேன். காலு முறிஞ்சா என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மாமாவைப் பார்த்தார்கள். ஆசிரியர்தான் பணிவாக, “நீங்களும் ஒருதடவை ஏறுங்களேன் சார்,” என்றார்.

மாமா சிவப்புக் குட்டியை மாட்டிக்கொண்டு மிடுக்காக ஏறினார். முள் போய்க்கொண்டே இருந்தது. வாய்க்குள்ளேயே வகுத்தார். மறுபடியும் வகுத்தார்.

“தராசுல ஏதோ கோளாறு,” என்றார்.

“காலையிலேர்ந்து எல்லாருக்கும் சரியாத்தானே இருந்துச்சு மாமா?” என்றேன்.

அன்று கூடாரத்தில் குதித்தார். ஆடி அசைந்து எல்லோருக்கும் கடைசியாக வந்து, நின்றபடியே இறங்கினார்.

“மானமே போச்சு. ஊரே பாத்துடுச்சு,” என்று அக்காவிடம் புலம்பினார்.

“நானும் பாத்தேன். இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நீங்க தரையைத் தொடுற வரைக்கும் பாத்தேன்.”

அன்று கூடாரத்தை மடிக்க என்னை விடாமல் மாமாவே மடித்தார்.