ஆல்பர்ட்டின் சட்டைப்பை

வெளியே கிளம்புமுன் வீட்டிலுள்ள காந்தங்களையெல்லாம் தேடியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் ஆல்பர்ட். மேசை இழுப்பறையில் கிடப்பவை, ஸ்பீக்கரிலிருந்து பிரித்தவை, எதையும் விடுவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த மாதா படத்தை இப்போது செல்லோடேப்தான் தாங்குகிறது. பை கனத்து, சட்டை இடப்பக்கம் இழுபட்டுத் தொங்குகிறது.

தேவாரம் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு சென்சார் மாட்டுவது அவர் தொழில். தொட்டிக்குள் ஒரு குழாய், அதைச் சுற்றி ஏறி இறங்கும் மிதவை, மிதவைக்குள் காந்தம். காந்தம் அருகே வந்தால் குழாய்க்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சின் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்கும்.

"அதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. காந்தம் பக்கத்துல இருக்கா இல்லையா, அம்புட்டுத்தான் தெரியும்" என்பார்.

கர்ணனின் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும்போது ஸ்பேனர் தாவிப்போய் அவர் மார்பில் ஒட்டிக்கொண்டது. கர்ணனுக்குச் சிரிப்பு தாளவில்லை. "என்னய்யா ஆல்பர்ட்டு, பழைய இரும்புக்காரன் உன்னையத் தூக்கி எடைக்குப் போட்டுறப் போறான்!"

"போடட்டும்யா. ஒரு இடத்துல கெடப்பேன்ல" என்றார் ஆல்பர்ட். சிரிக்கவில்லை.

மனைவி வியாகுலமேரி பல வருடங்கள் அவரோடு பட்டறையில் உட்கார்ந்து ஸ்விட்சுகளைச் சோதித்துக் கொடுத்தவர். ஸ்விட்சைக் காதோடு வைத்து, காந்தத்தை மெல்ல அருகே கொண்டுபோவார். உள்ளே 'டிக்' என்று கேட்டதும், "சரியா இருக்கு" என்பார். இப்போது அவருக்கு நினைவு கலைந்துவிட்டது. கணவரைப் பார்த்து, "நீங்க யாரு, கோயில்ல இருந்து வந்தீகளா?" என்று கேட்கிறார். கதவு திறந்தால் கால்வாயை நோக்கி நடக்கிறார். ஒருநாள் பூட்டிவிட்டுப் போனார் ஆல்பர்ட். கதவில் அறைந்து அறைந்து மேரியின் இரண்டு கைகளும் வீங்கிவிட்டன.

பிறகு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். வாசலின் இரும்பு நிலைச்சட்டத்தில் ஒரு ஸ்விட்ச்; கதவில் திருகி இறுக்கிய ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகினால், பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயின் அடுப்படியில் மணி அடிக்கும். அவர் ஓடிவந்து, "வாங்க மதினி, காப்பி குடிப்பம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். நிம்மதியாகத் தொட்டி ஏறி இறங்கினார் ஆல்பர்ட்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் மணி அடிக்கவில்லை. கால்வாயில் மார்பளவு நீரில் நின்ற மேரியை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வீரணன் குதித்து இழுத்துக் கரையேற்றினார்.

"மாரியாத்தா சத்தியமா மணி அடிக்கலண்ணே. நான் அடுப்படியை விட்டு அங்கன இங்கன நகரல" என்று சண்முகத்தாய் அழுதார்.

ஆல்பர்ட் வாசலைப் பார்த்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. நிலையில், ஸ்விட்சுக்கு நேராக, இழுப்பறையிலிருந்து எடுத்த காந்த வளையம் ஒன்று கச்சிதமாக ஒட்டியிருந்தது. கதவு மூடியிருப்பதாகவே ஸ்விட்ச் நம்பிக்கொண்டிருந்தது.

"என் பேரு மறந்துபோச்சு தாயி, அவளுக்கு. இது மறக்கல" என்றார் சண்முகத்தாயிடம். வெகுநேரம் அந்த வளையத்தை அவர் பிடுங்கவில்லை.

அன்றிலிருந்துதான் வீட்டுக் காந்தங்களெல்லாம் அவர் பைக்குள் வந்தன. ஆனால் காலையில் புறப்படுமுன் ஒரு ஸ்விட்சையும் ஒரு காந்தத்தையும் மேரியின் கையில் கொடுத்து எதிரே குந்துகிறார். மேரி காதோடு வைத்துக் கேட்கிறார். கலங்கிய முகம் சற்றே தெளிகிறது.

"சரியா இருக்கு."

ஆல்பர்ட் உள்ளங்கையை நீட்டுகிறார். மேரி ஸ்விட்சை மட்டும் அதில் வைத்துவிட்டு, காந்தம் இருக்கும் கையை இறுக மூடிக்கொள்கிறார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக ஆல்பர்ட் பிரிக்கிறார்.