ஆறாவது மாடிக் கதவு விதி

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில், ஹைதராபாத்தில், எங்கள் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் எனக்கு நடந்தது இது.

எந்த ஊழியரின் அட்டைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று விதி எழுதும் மென்பொருள் எங்களுடையது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேல் விதி. அதற்குக் கீழே, நுழைவதற்கு 'உள்ளே', வெளியேறுவதற்கு 'வெளியே' என்று இரண்டு கிளைகள். மேலே எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். கிளையில் எழுதினால் அந்தக் கிளைக்கு மட்டும்.

அன்று போனாலுப் பண்டிகை ஞாயிறு. ஊரே அம்மன் கோயிலில் இருந்தது. திங்கள் காலைக்குள் வேலை முடியாவிட்டால் மேலாளர் என்னைத் தின்றுவிடுவார். அதனால் ஜன்னலில்லாத சோதனை அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் 2.40. ஒரு விதியைச் சேமித்தேன். அதன் கீழே இன்னொன்று முளைத்திருந்தது.

'எண் 1187. வெளியே அனுமதி இல்லை.'

1187 என் அட்டை எண். நான் அதை எழுதவில்லை. அழித்தேன்.

2.43. மறுபடி வந்தது. எழுதியவர் பெயர்... ஜான்சி.

ஜான்சி எங்கள் குழுவில் இருந்தவள். சங்கராந்திக்கு முன் வேலையைவிட்டு நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்களின் அட்டையை முடக்கும் விதியை மேலாளர் போனில் விரட்டியபோது, குண்டூரில் விடுமுறையில் இருந்த நான்தான் அவசரமாக எழுதினேன். அன்றே அவள் வீட்டில் மாரடைப்பில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சலோடு இன்டர்காமில் காவலாளி யாதகிரியைக் கூப்பிட்டேன்.

"யாதகிரி அண்ணா, மேல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல பணீந்திரா சார். நீங்களும் அந்த மேடமும்தான். கேமராவுல தெரியுதே."

"எந்த மேடம்?"

கொர்ர்... இணைப்பு அறுந்தது. அரை மணி நேரம் அழிக்க அழிக்க அந்த விதி திரும்பத் திரும்ப வந்தது.

3.17. வெளியே போக, கதவில் அட்டையைக் காட்டினேன். டிக்... சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு.

ஏ.சி. நின்றது.

அப்போது கேட்டது. கதவின் அடியில், தரையோடு... ஹீ... ஹீ... மூச்சு இழுக்கும் சத்தம்.

கதவுக்கு வெளியே இல்லை. உள்ளே.

திரையில் எழுத்துகள் ஓடின. 'என் பை வெளியே இருக்கு.'

பிறகு, 'நீயும் இரு.'

பயந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஹீ... ஹீ... என் காலருகே.

3.52க்கு, கேமராவில் என்னைப் பார்த்த யாதகிரி கடப்பாறையால் கதவை நெம்பித் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பவும் இதே ரூமா..." என்றார்.

"திரும்பவும்னா?"

அன்று மாலை தேநீர்க் கடையில்தான் வாயைத் திறந்தார். ஜான்சி வீட்டில் சாகவில்லை. இந்த அறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அட்டை செத்துவிட்டது. அவளுக்கு ஆஸ்துமா. மருந்து, வெளியே மேஜை மேல் பையில் இருந்தது. நான்காம் நாள், சங்கராந்தி விடுமுறை முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

நான் எழுதிய விதியைத் திறந்து பார்த்தேன். 'உள்ளே' கிளையில் சேர்த்ததாகத்தான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

அது மேல் விதியில் இருந்தது.

எழுதியவர் பணீந்திரா. நேரம் மதியம் 3.17.