சீம்பால் கொண்டுபோன அன்று

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அதன்பிறகு இவர் முனகுவதைக்கூட நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஆண்டவர் சமாதானம் தந்துவிட்டார் என்று வில்லியனூர் சொந்தமெல்லாம் மெச்சியது. நானும் அதை நம்பி, பேச்சுக் கொடுக்காமல் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சீம்பால் கொண்டுபோனேன்.

"மாடு கன்னு போட்டுச்சா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" என்று குலுங்கி அழுதார். "பூசுன அன்னிக்கே என்னப் பொதச்சிட்டீங்களாடி? பூச்சிமருந்து இருக்கிற எடம் தெரியும். எழுந்து போவத்தான் தெம்பு இல்ல."

அன்றே அந்தப் பூச்சிமருந்தைக் கொண்டுபோய்ப் புதைத்தேன். கடைசிவரை அவரிடம் மாடு, மழை, வயல் எல்லாம் சொன்னேன், சண்டைகூடப் போட்டேன்.

இப்போதெல்லாம் ஜெபம் சொல்லப் போகிற வீட்டில் நோயாளி அமைதியாகப் படுத்திருந்தால் எனக்குப் பயம். ஜெபம் அப்புறம்தான். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசு இன்னா சொல்லுது?" என்று கேட்கிறேன்.